ஒரே மருந்துக்கு இரண்டு பெயர்



பிழைப்பையும் உத்தியோகத்தையும் முன்னிட்டுத் தமிழகத்துக்கு வெளியே குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், மாதந்தோறும் எழுதப்படும் செலவுக் கணக்கில் வீட்டு வாடகை, பள்ளிச் சம்பளம், அரிசி, பருப்பு, காப்பிப்பொடி ஆகியவற்றோடு மருந்துக்கும் இன்று ஒரு நிலையான இடம் ஏற்பட்டுவிட்டது. அவ்வாறு வாங்கப்படும் மருந்துகளுள் பல வீடுகளில் காணப்படுவது நெஞ்செரிச்சலுக்கும் எதுக்களிப்புக்கும் உரிய மாத்திரையாகும். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று என மருத்துவர் எழுதித்தர, சிலர் இரண்டு மாதமும் சிலர் பல ஆண்டுகளும் அதனை உட்கொண்டு வருகின்றனர்.

இம்மாத்திரையை வாங்குவோர் ஒரு விந்தையைக் கவனித்திருக்கக் கூடும். ஒரு கடையில் ஒரு பெயருடன் விற்கப்படுவது அடுத்த கடையில் வேறொரு பெயருடன் விற்கப்படுகிறது. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றே. அதன் அளவும் ஒன்றே. விலை மட்டும் ஒன்றாக இல்லை. சிலபோது இரு மடங்கும் மும்மடங்கும் வேறுபடுகிறது. திருநெல்வேலியில் தந்தையாருக்கு எழுதிக்கொடுத்த மருந்து டில்லிக் கடையில் இல்லை என்று கைவிரிப்பார்கள். உண்மையில் அங்கு இல்லாதது மருந்தன்று, அந்தப் பெயர்தான். இவ்வேறுபாடு எவ்வாறு உண்டாயிற்று, அதனைக் களைய நம் நாடு யாது செய்தது, வாங்குவோராகிய நாம் யாது செய்யக் கூடும் என்பனவற்றை வரலாற்று முறையில் எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

நோய் புதியதன்று. சித்த மருத்துவ நூல்கள் வயிற்றில் தோன்றும் இத்தகைய துன்பங்களைக் குன்மம் என்னும் பெயரால் குறித்து, அதனை எட்டு வகையாகப் பகுத்துரைக்கின்றன. வடமொழி மருத்துவ நூலாகிய மாதவ நிதானம், புளித்த ஏப்பத்தையும் நெஞ்சில் எழும் எரிவையும் அம்லபித்தம் என்னும் தலைப்பின்கீழ்த் தனியே விவரிக்கிறது. ஆயின், அந்தப் புளிப்பு எத்தகைய பொருள் என்பது நெடுங்காலம் தெளிவுபடாமலே இருந்தது. 1823ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வில்லியம் புரௌட் என்னும் ஆங்கில மருத்துவர் இலண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை படித்தார். இரைப்பையில் ஊறுவது ஹைடிரோகுளோரிக் அமிலமே என்பதை அவர் அதில் எடுத்துக்காட்டினார். உலோகத்தையும் அரிக்கவல்ல ஓர் அமிலம் மனிதனுடைய வயிற்றில் இயல்பாகவே ஊறுகிறது என்பது அக்காலத்தாருக்கு வியப்பைத் தந்த செய்தியாகும்.

இரைப்பையின் உட்சுவர் அவ்வமிலத்தைத் தாங்குமாறு அமைந்துள்ளது. அதற்கு மேலே உள்ள உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை. இரண்டுக்கும் இடையே உள்ள தசை வளையம் தளர்ந்துபோனால் அமிலம் மேலே ஏறிக் குழாயைச் சுடுகிறது. உணவுக்குழாயில் காணும் ஒருவகை அழற்சிக்கு இவ்வாறு மேலேறும் இரைப்பை நீரே காரணமாகலாம் என்பதை 1935இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆஷர் விங்கெல்ஸ்டைன் என்னும் மருத்துவர் வெளியிட்டார். நோயின் காரணம் விளங்கிய பின்னரும், சிகிச்சை என்னவோ சுண்ணத்தூளும் மக்னீசியாவும் சோடா உப்பும் என்ற அளவிலேயே நின்றது. சுரந்த அமிலத்தை அவை சிறிது நேரம் தணிக்கும். மேலும் சுரப்பதை அவற்றால் தடுக்க இயலாது. சிகாகோ நகரத்து பெர்ட்ரம் சிப்பி என்பார் 1915இல் வகுத்த முறைப்படி, குடற்புண் நோயாளிகள் மணிக்கு ஒருமுறை பாலும் பாலேடும் அருந்தி, இடையிடையே காரத்தூள் உட்கொண்டு, வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டியிருந்தது. மருந்தின் விலை சொற்பமே. ஆனால் வேலைக்குச் செல்ல இயலாத நாட்களின் கூலியையும் கணக்கிட்டால் அச்சிகிச்சை ஏழைகளுக்கு எட்டாததாகவே இருந்தது.

தென்னாட்டில் இதன் கொடுமை மிகுதி. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர், 1956 வரையில் திருவிதாங்கூர்ப் பகுதியைச் சேர்ந்ததாக இருந்தது. அங்கிருந்த இலண்டன் மிஷன் மருத்துவமனையில் ஹோவர்டு சாமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் பல்லாண்டு பணியாற்றினார். 1922ஆம் ஆண்டிலும் 1924ஆம் ஆண்டிலும் எவரெஸ்டு சிகரத்தை நோக்கிச் சென்ற குழுக்களில் இடம்பெற்ற மலையேறியும் இவரே. குடற்புண்ணால் வருந்தி வந்த ஏராளமானோருக்கு அறுவை செய்த அவர், தம் அனுபவங்களை 1936இல் ஆங்கில அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார். பிற்கால ஆய்வுகளும், கோதுமை உண்ணும் பஞ்சாபைக் காட்டிலும் அரிசி உண்ணும் தென்னாட்டில் குடற்புண் மிகுந்திருந்ததைக் காட்டின. மருந்தால் அமிலச் சுரப்பை அடக்க இயலாத அந்நாளில், கத்தி ஒன்றே உறுதியான வழி என்னும் நிலை நிலவிற்று.

அந்நிலையை மாற்றியவர் ஜேம்ஸ் பிளாக் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு விஞ்ஞானி. இங்கிலாந்தில் வெல்வின் கார்டன் சிட்டி என்னும் ஊரில் இருந்த ஸ்மித் கிளைன் அண்டு பிரெஞ்சு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் 1964இல் அவர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். இரைப்பையின் உயிரணுக்களை அமிலம் சுரக்கும்படி தூண்டுவனவற்றுள் ஒன்று ஹிஸ்டமின் என்னும் பொருள். அது வந்து பொருந்தும் இடத்தில் வேறொன்று முன்னதாகவே அமர்ந்துகொண்டால் தூண்டுதல் நிகழாதன்றோ? இக்கருத்தைப் பற்றிக்கொண்டு அவரும் அவருடைய தோழர்களும் பற்பல பொருள்களைச் செய்து சோதித்தனர். முதலில் கிடைத்தது வாய்வழி உட்கொள்ளப் போதிய வலிவற்றதாய் இருந்தது. அடுத்தது சிலருக்கு இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைத்தது. இறுதியில் சிமெட்டிடின் என்னும் மருந்து உருவாகி, 1976 நவம்பரில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. 1988இல் பிளாக்குக்கு வேறிருவருடன் சேர்த்து நோபல் பரிசு அளிக்கப்பெற்றது.

சிமெட்டிடின் என்பது அம்மருந்தின் பொதுப்பெயர். கம்பெனி அதற்கு இட்ட வணிகப் பெயர் டாகமெட். நம்முடைய பொருளுக்குரிய முடிச்சு இங்கேதான் விழுகிறது. ஒவ்வொரு மருந்துக்கும் உலகத்தார் அனைவரும் ஆளத்தக்க ஒரு பொதுப்பெயர் வேண்டும் என்று 1950இல் உலக சுகாதார நிறுவனம் தீர்மானித்தது. அத்தகைய பெயர்களின் முதற்பட்டியல் 1953இல் வெளிவந்தது. அப்பெயர் எவருக்கும் சொத்தன்று. வணிகப் பெயரோ ஒரு கம்பெனியின் தனிச்சொத்து. அதனைப் பிறர் எடுத்தாளுதல் சட்டப்படி குற்றமாகும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனாதலின், பொதுப்பெயர்களில் அமைந்துள்ள இலக்கண ஒழுங்கு என் கருத்தைக் கவர்ந்ததுண்டு. சிமெட்டிடின், ரானிட்டிடின், ஃபேமோட்டிடின் என ஹிஸ்டமினைத் தடுக்கும் இவ்வினத்தின் பெயர்கள் ஒரே விகுதியில் முடிகின்றன. ஒமிப்ரசோல், பான்டோபிரசோல், லான்சோபிரசோல் எனப் பின்னர் வந்த இனத்துக்கு வேறு விகுதி. பகுதி வேறுபடினும் விகுதியைக் கொண்டு இனத்தை அறியலாம். வணிகப் பெயர்களில் இத்தகைய ஒழுங்கு எதுவும் இல்லை. அவை செவிக்கு இனிமையாகவும் நினைவில் நிற்கத்தக்கனவாகவும் விற்பனையை மனத்துட் கொண்டு சூட்டப்படுபவை.

டாகமெட் ஓராண்டில் 100 கோடி டாலருக்கு விற்பனையான முதல் மருந்து என்று பெயர் பெற்றது. வயிற்றில் ஊறும் அமிலம் பெருஞ்செல்வம் ஊறும் கேணியும் ஆகும் என்பதைக் கம்பெனிகள் கண்டுகொண்டன. கிளாக்ஸோ கம்பெனி 1981இல் ரானிட்டிடினை ஜான்டாக் என்னும் பெயருடன் வெளியிட்டது. சில ஆண்டுகளில் அது டாகமெட்டைப் பின்னுக்குத் தள்ளி உலகிலேயே மிகுதியாக விற்பனையாகும் மருந்தாயிற்று. இதற்கிடையில் ஸ்வீடன் நாட்டில் கோட்டன்பர்க் நகருக்கு அருகே ஆஸ்டிரா கம்பெனியைச் சேர்ந்த ஹெஸ்லே ஆய்வுக்கூடத்தில் வேறொரு வழி ஆராயப்பட்டு வந்தது. தூண்டுதலைத் தடுப்பதைவிட, உயிரணுவிலிருந்து அமிலத்தை வெளியே தள்ளும் இறைவையையே நிறுத்திவிடலாம் என்பது அவ்வழி. புரோட்டான் பம்பு என விஞ்ஞானிகள் கூறும் அவ்விறைவையை நிறுத்தும் ஒமிப்ரசோல், லோசெக் என்னும் வணிகப் பெயருடன் 1988இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. இன்று மருத்துவர்கள் நெஞ்செரிச்சலுக்கு எழுதித்தரும் மருந்துகளிற் பெரும்பாலானவை இதன் வழிவந்தவையே.

இம்மருந்துகளின் விலையைப் பற்றி இனி ஆராய்வோம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் குறித்த காலம் வரையில் அதனைத் தாமே செய்து விற்கும் உரிமையைப் பெறுகிறார். இதுவே காப்புரிமை, அதாவது பேடண்டு எனப்படுவது. போட்டியாளர் இல்லாத அக்காலத்தில் விலையை அவர் விருப்பப்படி வைக்கலாம். நம் நாட்டில் பிரிட்டிஷார் இயற்றிய 1911ஆம் ஆண்டுச் சட்டம் அமலில் இருந்த காலத்தில் மருந்துக்கும் இவ்வுரிமை முழுமையாகக் கிடைத்து வந்தது. 1959 முதல் அமெரிக்க நாட்டு செனட் சபையில் கெஃபாவர் தலைமையில் நடந்த விசாரணையானது, சில மருந்துகளின் விலை உலகிலேயே மிக உயர்ந்திருக்கும் நாடுகளுள் ஒன்றாக இந்தியாவைக் குறிப்பிட்டது. வறிய நாட்டில் வளமிக்க நாடுகளைக் காட்டிலும் மருந்து விலை உயர்வு என்றால், அஃது அந்நாளைய தலைவர்களின் மனத்தை உறுத்தியதில் வியப்பில்லை.

இச்சட்டத்தை ஆராய்ந்து கூறுமாறு இந்திய அரசாங்கம் 1957இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ராஜகோபால ஐயங்காரைக் கேட்டுக்கொண்டது. 1959 செப்டம்பரில் அவர் அளித்த அறிக்கை நம் நாட்டுச் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல் எனத்தகும். இந்தியாவில் வழங்கப்பெற்ற காப்புரிமைகளுள் மிகப்பெரும்பாலானவை அயல்நாட்டார் கையில் இருப்பதையும், அவற்றுள் பெரும்பான்மை இந்நாட்டில் தொழிலாக நடத்தப்படாமலே இருப்பதையும் அவர் புள்ளி விவரங்களுடன் விளக்கினார். உணவு, மருந்து ஆகியவற்றைப் பொறுத்தவரை பொருளின்மேல் உரிமை கூடாது, அதனைச் செய்யும் முறையின்மேல் மட்டுமே உரிமை அளிக்கலாம் என்பது அவருடைய பரிந்துரையின் சாரம். எளிய உவமையாற் கூறின், சர்க்கரைப் பொங்கலுக்கு எவரும் உரிமை கொண்டாட இயலாது. அதனைச் செய்யும் தம்முடைய பக்குவத்துக்கு மட்டுமே உரிமை கொண்டாடலாம். வேறு பக்குவத்தில் பொங்கல் செய்வோரைத் தடுக்க முடியாது.

இக்கொள்கையை ஏற்றுப் பாராளுமன்றம் 1970இல் இயற்றிய காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரல் 20ஆம் நாள் அமலுக்கு வந்தது. மருந்து செய்யும் முறைக்கான உரிமையும் அதிக அளவில் 7 ஆண்டுகளுக்கே செல்லும் எனச் சட்டம் வரையறுத்தது. சிமெட்டிடின் விற்பனைக்கு வருவதற்கு நான்காண்டு முன்னரே சட்டம் ஆயத்தமாக இருந்தது என்பதைக் கருத வேண்டும். எனவே ரானிட்டிடினும் ஒமிப்ரசோலும் மேல்நாடுகளில் ஒரு கம்பெனியின் ஏகபோகமாக இருந்த காலத்திலேயே, இந்தியத் தொழிற்சாலைகள் தம் வேதியியல் அறிஞர்கள் வகுத்த முறைகளில் அவற்றைச் செய்து விற்கலாயின. மேல்நாட்டு நோயாளி செலுத்தியதில் ஒரு சிறு பங்கே இங்குள்ளவர் செலுத்த நேர்ந்தது. 1984இல் ஐதராபாத்தில் தோன்றிய டாக்டர் ரெட்டீஸ் போன்ற கம்பெனிகள் வளர்ந்தமைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மருந்துகள் துணை செய்தன.

அமெரிக்காவில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. அங்கு ஒமிப்ரசோலின் காப்புரிமை 2001இல் முடிவுற இருந்தது. அவ்வாண்டிலேயே அதே கம்பெனி நெக்சியம் என்னும் பெயரில் எசோமிப்ரசோலை வெளியிட்டது. ஒமிப்ரசோலின் மூலக்கூறுகள் வலக்கையும் இடக்கையும் போல் ஒன்றுக்கொன்று கண்ணாடி நிழலாகிய இருவகை வடிவங்களின் கலவை. அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்ததே எசோமிப்ரசோல். புதியதன் மேன்மையைக் காட்டுவதற்கு நடத்திய சில சோதனைகளில், பழைய மருந்தின் 20 மில்லிகிராமுக்கு எதிராகப் புதிய மருந்தின் 40 மில்லிகிராம் வைத்து ஒப்பிடப்பட்டது. விளம்பரத்தின் வன்மையால் ஊதா நிற மாத்திரை நாடெங்கும் பரவிற்று. நோயாளிகள் மேலும் பல்லாண்டு ஏகபோக விலை கொடுத்து வந்தனர்.

உலக வர்த்தக நிறுவனத்தில் உறுப்பு வகிப்பதை முன்னிட்டு, 2005 ஜனவரி 1 முதல் இந்தியாவும் மருந்தின்மேல் காப்புரிமை வழங்கக் கடமைப்பட்டது. ஆயினும் அப்பொழுது திருத்தப்பெற்ற சட்டத்தின் 3ஆவது பிரிவில் ஒரு காப்பு சேர்க்கப்பட்டது. அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் ஆற்றலில் முன்னதினும் மேம்பட்டதென நிறுவப்பட்டாலன்றி, அதனைப் புதுக் கண்டுபிடிப்பாகக் கொள்ளலாகாது என்பது அக்காப்பு. கண்ணாடி நிழல் வடிவங்களையும் அப்பிரிவின் விளக்கம் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது. 2013 ஏப்ரல் 1ஆம் நாள், ஒரு புற்றுநோய் மருந்தைப் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் இப்பிரிவின் வழிநின்று தீர்ப்பு வழங்கிற்று.

ஏகபோகம் இல்லை, செய்வோரும் பலர், அவ்வாறாயின் விலை வேறுபாடு மறைந்திருக்க வேண்டுமே என்று நேயர்கள் கேட்கலாம். கத்தரிக்காய் வாங்குபவர் நான்கு கடை பார்த்து வாங்குகிறார். மருந்து வாங்குபவர் அவ்வாறு செய்ய இயலாது. எதனை வாங்குவது என முடிவு செய்பவர் மருத்துவர், விற்பவர் கடைக்காரர், பணம் கொடுப்பவர் மட்டுமே நோயாளி. மருத்துவர் வணிகப் பெயரை எழுதிவிட்டால் அதற்கு ஈடான வேறொன்றைத் தாமாக மாற்றிக் கொடுப்பதற்குக் கடைக்காரருக்கு மருந்து விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே கம்பெனிகளின் போட்டி விலையைக் குறைப்பதில் நிகழாமல், மருத்துவர் மனத்தில் தம் பெயரைப் பதிப்பதில் நிகழ்கிறது. அதற்காகும் செலவும் மாத்திரையின் விலையில் ஏறுகிறது.

இதனை அரசாங்கம் உணராமல் இல்லை. ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையில் அமைந்த குழு 1975இல் அளித்த அறிக்கையில், வணிகப் பெயர்களைப் படிப்படியாகக் கைவிட்டுப் பொதுப்பெயர்களையே வழங்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை முழுமையாக நிறைவேறவில்லை. விலைக் கட்டுப்பாடோ அதற்கு முன்னரே வந்துவிட்டது. 1962இல் எல்லையில் போர் மூண்ட நெருக்கடியின்போது மருந்து விலைகளைப் பற்றிய முதல் ஆணைகள் பிறந்தன. 1970இல் விரிவானதோர் ஆணை பிறப்பிக்கப்பட்டது. 1979இல் 347 மூலமருந்துகள் கட்டுப்பாட்டில் இருந்தன. 1995இல் அவ்வெண்ணிக்கை எண்பதுக்கும் கீழாகச் சுருங்கிற்று. 1997இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அமைக்கப்பட்டது.

2013ஆம் ஆண்டு ஆணை புதியதொரு முறையை வகுத்தது. இன்றியமையாத மருந்துகளின் தேசியப் பட்டியலில் கண்ட மருந்து ஒன்றனுக்கு, விற்பனையில் நூற்றுக்கு 1 பங்கேனும் பெற்ற வணிகப் பெயர்களின் விலைகளைக் கூட்டிச் சராசரி கண்டு, அதனோடு சில்லறை வியாபாரிக்கு நூற்றுக்கு 16 பங்கு சேர்த்து உச்சவிலை விதிப்பர். ஒமிப்ரசோல் அப்பட்டியலில் உள்ளது. எனினும் செய்வதற்கு ஆகும் செலவைக் கணக்கிடாமல், முன்பே உயர்ந்திருக்கும் விலைகளின் சராசரியையே அளவாகக் கொள்வது இதன் குறை என்பர். மேலும், அமிலத்தடை மருந்தோடு வாந்தி தடுக்கும் மருந்தையும் சேர்த்து ஒரே குளிகையாகச் செய்தவை மிகுதியாக எழுதப்படுகின்றன. பட்டியலில் இடம்பெறாத இத்தகைய கூட்டு மருந்துகளுக்கு அந்த உச்சவிலை பொருந்தாது. அவற்றின் விலையை ஆண்டுக்கு நூற்றுக்கு 10 பங்கு வரையில் உயர்த்தலாம்.

பொதுப்பெயரால் மருந்து வாங்கி மக்களுக்கு அளிக்கும் முயற்சியில் தமிழகம் வழிகாட்டியாக விளங்கிற்று. 1994இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் தேவையான மருந்துகளைப் பொதுப்பெயரில் ஒருசேரக் கொள்முதல் செய்து பெருஞ்சிக்கனம் கண்டது. ராஜஸ்தான் அம்மாதிரியைப் பின்பற்றி 2011 அக்டோபர் 2ஆம் நாள் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. தொழிலாளர் அரசாங்கக் காப்பீடு 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிற்று. மத்திய அரசாங்க ஊழியர்களுக்கான சுகாதாரத் திட்டம் 1954இல் டில்லியில் தொடங்கிற்று. வெளி மாநிலங்களில் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரியும் தமிழர் பலர் இவ்விரண்டனுள் ஒன்றன் பயனைப் பெற உரியவர்கள்.

இவற்றுள் எதிலும் சேராதவர்களுக்காக மக்கள் மருந்தகங்கள் உள்ளன. ஜன் ஔஷதி என வடநாட்டில் வழங்கும் இக்கடைகளுள் முதலாவது 2008 நவம்பர் 25ஆம் நாள் அமிர்தசரசில் திறக்கப்பட்டது. 2023 நவம்பரில் அவற்றின் எண்ணிக்கை 10,000ஐ எட்டியது. இங்கு மருந்துகள் பொதுப்பெயரிலேயே, வணிகப் பெயர் மருந்துகளைவிடப் பெரிதும் குறைந்த விலையில் விற்கப்படுகின்றன.

மலிவானது தரத்தில் தாழ்ந்ததன்றோ என்னும் ஐயம் நம்மவரிடம் வேரூன்றியுள்ளது. 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டமும், 1955இல் முதற்பதிப்பு வெளிவந்த இந்திய மருந்து நூலும் விதிக்கும் தரம், விலை உயர்ந்ததற்கும் குறைந்ததற்கும் ஒன்றே. தரக்குறைவான சரக்கு எங்கேனும் பிடிபடின் அது தண்டனைக்கு உரியது. பொதுப்பெயர் அதற்குக் காரணமாகாது. புகழ்பெற்ற பெயரே காப்பு எனக் கருதுவோர் ரானிட்டிடினின் கதையை நினைவிற் கொள்க. ஒருகாலத்தில் உலகிலேயே மிகுதியாக விற்ற அம்மருந்தில் புற்றுநோயை விளைக்கக் கூடிய மாசு உண்டாதல் 2019இல் வெளிப்பட்டது. 2020 ஏப்ரலில் அமெரிக்க அதிகாரிகள் அதனைக் கடைகளிலிருந்து முற்றிலும் நீக்கக் கோரினர். நம் நாட்டு இன்றியமையா மருந்துப் பட்டியலிலிருந்தும் அது 2022 செப்டம்பரில் நீக்கப்பட்டது.

விலையைப் பற்றிப் பேசும்போது அளவையும் காலத்தையும் மறத்தலாகாது. தேவையில்லாமல் உண்ணும் மருந்து எவ்வளவு மலிவாயினும் வீண் செலவே. ஆஸ்திரேலிய நாட்டு மருத்துவர் பாரி மார்ஷல், இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைத் தாமே 1984இல் அருந்தித் தமக்கு அழற்சி உண்டாதலைக் காட்டினார். அவரும் ராபின் வாரனும் நிறுவிய உண்மையால், பல குடற்புண்கள் ஓரிரு வாரக் கிருமிநாசினிச் சிகிச்சையால் தீரத்தக்கவையாயின. 2005இல் அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர். எதுக்களிப்புக்கும் பலருக்கு 4 முதல் 8 வாரம் வரையில் மருந்து உட்கொண்டு பின் மருத்துவரிடம் மறுபடி ஆலோசித்தல் போதுமானது. நெடுங்காலம் உட்கொள்வோருக்கு எலும்பு முறிவு நேரக் கூடும் என 2010இலும், இரத்தத்தில் மக்னீசியம் குறையக் கூடும் என 2011இலும் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அதற்காக அஞ்சித் திடீரென நிறுத்துவதும் தவறு. நிறுத்தியவுடன் அமிலம் முன்னினும் மிகுதியாகச் சுரந்து துன்புறுத்தக் கூடும். உணவுக்குழாய் அரிக்கப்பட்டவர் முதலிய சிலருக்கு நீண்டகாலம் இம்மருந்து இன்றியமையாதது. நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவரோடு கலந்து செய்ய வேண்டியவை. விழுங்குவதில் தடை, காரணமற்ற உடல் மெலிவு, கறுத்த மலம், இரத்த வாந்தி, கைக்கும் தாடைக்கும் பரவும் மார்வலி ஆகியவை தோன்றின் மாத்திரையை நம்பியிராது உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

இனி, வாங்குவோராகிய நாம் செய்யத்தக்கது யாது? மருந்துகளைப் பொதுப்பெயரால் எழுத வேண்டும் என மருத்துவர்களுக்குரிய 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் கூறுகின்றன. அதனைக் கட்டாயமாக்கிய 2023ஆம் ஆண்டு விதிகள் வெளிவந்த அம்மாதமே நிறுத்திவைக்கப்பட்டன. ஆகவே நடைமுறையில் அது பெரிதும் மருத்துவரின் விருப்பத்தைச் சார்ந்தே நிற்கிறது. பொதுப்பெயரையும் சேர்த்து எழுதித் தருமாறு மருத்துவரைப் பணிவோடு கேட்பதில் தவறொன்றும் இல்லை. உறையிலும் பொதுப்பெயர் வணிகப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிடப்பட வேண்டும் என்னும் விதித்திருத்தம் 2018இல் அமலுக்கு வந்தது. மூன்றும் அதற்கு மேற்பட்டும் சரக்குகள் சேர்ந்த கூட்டு மருந்துகள் நீங்கலாக ஏனையவற்றில் அதனைக் காணலாம். அப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்வது நன்று.

ஊர்விட்டு ஊர் மாறி வாழும் நமக்கு இக்குறிப்பின் பயன் பிறரினும் மிகுதி. வணிகப் பெயர்கள் ஊருக்கு ஊர் வேறுபடும். கடைக்காரரின் மொழியும் வேறுபடும். ஒமிப்ரசோல் என்பது சென்னையிலும் டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஒமிப்ரசோலே. வங்காள மருத்துவருக்கும் பஞ்சாபி மருத்துவருக்கும் அது மொழிபெயர்க்க வேண்டாத சொல். அச்சொல்லை அறிந்தவர், எந்த ஊரில் இருப்பினும் தாம் உட்கொள்வது இன்னதென அறிவார். மருத்துவரிடம் அதற்கு மலிவான வழியையும் கேட்டறிவார். நம் முன்னோர் சட்டத்தாலும் உழைப்பாலும் இம்மருந்தை நாட்டில் எளிதிற் கிடைக்கச் செய்தனர். அதனை உரிய விலைக்குப் பெறுவதற்குப் பொதுப்பெயரை அறிந்து கேட்கும் பழக்கம் இனி நம் வீடுகளில் உண்டாக வேண்டும்.